வலியுறுத்தப்படவில்லை

ரோலர் மெஷினுக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஈரமான படுக்கை விரிப்பின் முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, உதறி, சுருக்கம் விழாமல் இழுத்து, கொதிக்கும் உருளையின் வாய்க்குள் விட வேண்டும். விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளிதான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் பத்து வருஷமாக மெஷினின் இடது பக்கம் நின்றவள் சுருட்டை. தொப்பிக்குள் அடங்காத முடியால் வந்த பெயர். வலது பக்கம் கண்ணாடியக்கா. காலை ஏழு மணிக்கு நீராவியில் மங்கும் அவளுடைய கண்ணாடி, மூன்று மணிக்கு வேலை முடியும்போதுதான் தெளியும். துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், துடைப்பதையே விட்டுவிட்டாள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு ஆள் கதவருகில் வந்து நின்றான். கையில் ரெக்சின் பை. ஒரு காகிதத்தைப் பார்த்துச் சுருட்டையின் முழுப் பெயரைக் கத்தினான். அந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் சொல்வதில்லை. அதனால் இரண்டாவது தடவைதான் அவள் திரும்பினாள்.

"நான்தாங்க."

"கோர்ட்டுலேர்ந்து வர்றேன். இதுல ஒரு கையெழுத்து போடுங்க. உங்க வீட்டுக்காரரு சம்பந்தமா."

அவள் முகம் வெளிறியது. "அவருக்கு என்னங்க ஆச்சு? கீழ விழுந்துட்டாரா?"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதமாக வேறொரு ஊரில், இருபது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் வராத வெறும் குழிக்குள் கயிற்றில் தொங்கும் வேலை. அவன் கிளம்பிய நாளிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது அது ஒன்றுக்குத்தான்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு. கேஸ் போட்டிருக்காரு. உள்ள எல்லாம் எழுதியிருக்கும், படிச்சுக்கங்க."

ஈரக் கையால் கையெழுத்துப் போட்டாள். மை பரவியது. அந்த ஆள் காகிதத்தை ஊதிக்கொண்டே போனான். மெஷினுக்குள் பாதி போயிருந்த விரிப்பு கோணலாக மறுபக்கம் வந்து விழுந்தது.

இடைவேளையில் பாய்லர் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து இருவரும் படித்தார்கள். கண்ணாடியக்கா அப்போது கண்ணாடியைத் துடைத்தாள். "எதிர்மனுதாரர் கடந்த நான்கு ஆண்டுகளாகத் தீராத மனநோயால் பாதிக்கப்பட்டு, இல்லற வாழ்க்கைக்குத் தகுதியற்றவராக இருக்கிறார்" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

"எதிர்மனுதாரர்னா யாருக்கா?"

"எதிர்ல நிக்கிறவ."

"அப்ப நானா?"

கண்ணாடியக்கா பக்கத்தைப் புரட்டினாள். கடைசியில் நாலைந்து சீட்டுகளின் நகல்கள் இணைக்கப்பட்டிருந்தன. இதே ஆஸ்பத்திரியின் முத்திரை. மனநலப் பிரிவு, வெளிநோயாளி. சீட்டின் ஓரத்தில், மாத்திரை சாப்பிட வேண்டிய நேரத்தைக் கணவனே தன் கையால் எழுதி வைத்திருந்தான். காலை ஒன்று, இரவு ஒன்று. அதுவும் நகலில் தெளிவாக விழுந்திருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பெண் குழந்தை. குழந்தை உயிரோடு இருந்தால்தான் மூன்று மாத விடுப்பு. இல்லையென்றால் பன்னிரண்டு நாள். அந்த ஆஸ்பத்திரியின் விதி அப்படி. பதின்மூன்றாம் நாள் அவள் மெஷின் முன்னால் நின்றாள். பிரசவ வார்டிலிருந்து வரும் துணிகளுக்கிடையில் கைக்குட்டை போலச் சின்னச் சின்ன விரிப்புகள் வரும். அவற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றுவிடுவாள். ஒருநாள் அப்படி நின்றபோது விரல் உருளைக்குப் பக்கத்தில் போய்விட்டது. கண்ணாடியக்காதான் இழுத்தாள். சூப்பர்வைசர் மேல்மாடிக்கு அனுப்பினார், டாக்டரைப் பார்க்கச் சொல்லி.

கணவன் கூடவே வந்தான். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கால் ஒடிஞ்சா கட்டு போடுறதில்லையா?" என்றான். மூன்று மாதம் மாத்திரை. பிறகு டாக்டர் போதும் என்றார். சீட்டுகளை அவன் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அவன் எதையும் தூக்கிப் போடுகிற ஆளில்லை. அவள் அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

அன்று அவனுடைய போனுக்கு ஒன்பது முறை அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்தாவது முறை அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மகளிடம், "அப்பாவுக்கு அங்க சிக்னல் கிடைக்கல" என்றாள். ஒன்பது வயது மகள், "எட்டு மாசமாவா?" என்று கேட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்தாள். முதல் ஒரு வாரம் சுருட்டைக்கு இது ஏதோ ஆள் மாறி வந்த காகிதம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நான்கு சட்டைகளையும் எடுத்துத் துவைத்து, வழக்கம்போல இஸ்திரி போட்டு மாட்டினாள்.

இரண்டாவது வாரம் அண்ணன் வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறவர். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தவர், வாசலில் நின்றபடியே பேசினார்.

"அவன் அங்க ஒருத்தியோட குடியிருக்கானாம். நேர்ல பார்த்தவன் சொன்னான். போறவன் போகட்டும். கேட்ட எடத்துல கையெழுத்தப் போட்டுக் கழட்டி விடு."

"என்னைப் பைத்தியம்னு எழுதியிருக்கான். அதுக்குக் கீழ கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"கோர்ட்டுல எழுதுறது கோர்ட்டோட போயிடும். நீ எதிர்த்து நின்னா நாலு வருஷம் இழுப்பான். ஊரே பேசும். நாளைக்கு பாப்பாவுக்கு ஒரு நல்லது கெட்டது பார்க்க வேணாமா?"

"பாப்பாவுக்காகத்தான் நிக்கிறேன். பைத்தியத்தோட பொண்ணுன்னு யாரும் சொல்லக் கூடாது."

அண்ணன் வேனுக்குப் போனார். அவர் போன பிறகு அவள் மாட்டியிருந்த நான்கு சட்டைகளையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் சலவைக் கூடத்தில், கிழிந்த விரிப்புகளைத் தரைதுடைக்கும் துணிகளாக வெட்டும் மேசையில் அவற்றைப் போட்டுச் சதுரம் சதுரமாக வெட்டினாள்.

கண்ணாடியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "காலர விட்டுடுடி. அது தண்ணி இழுக்காது" என்றாள்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா நேரடியாகப் பேசுகிறவள். மேசையில் இருநூறு வழக்குக் கட்டுகள் இருந்தன. சுருட்டையின் கட்டை எடுக்கவே பத்து நிமிஷம் ஆனது.

"அவருக்கு விவாகரத்து வேணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது. இன்னொண்ணு, உங்க மேல ஒரு குத்தத்தைச் சொல்லி வாங்கறது. கொடுமைப்படுத்தினாங்க, வேற ஆளோட தொடர்பு, விட்டுட்டுப் போயிட்டாங்க, புத்தி சரியில்ல, இப்படி. இவருகிட்ட இருந்தது அந்தச் சீட்டு. அதனால கடைசிய எடுத்துக்கிட்டாரு."

"விட்டுட்டுப் போனது அவருதானே?"

"ஆமா. அத நாம பதில்மனுவுல சொல்லலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்களுக்குப் புத்தி சரியா இருக்குன்னு ஒரு சான்றிதழ் வேணும்."

சுருட்டைக்குச் சிரிப்பு வந்தது. "அத எங்க குடுப்பாங்க?"

அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கேட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், அவள் சொன்னதை இரண்டு முறை சொல்லவைத்தார்.

"நோய் இருக்குன்னு குடுக்க ஃபாரம் இருக்கும்மா. இல்லைன்னு குடுக்க ஃபாரம் இல்ல."

"அப்ப இங்க இருக்கிற எல்லாருக்கும் இருக்குன்னு அர்த்தமா?"

"அவங்க யாரும் வந்து கேக்கலையே. நீங்கதானே கேக்கறீங்க."

கடைசியில் மருத்துவக் குழு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் கூடும். கோர்ட் எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். கோர்ட் எழுத இரண்டு வாய்தா ஆனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் விடுப்பு. நான்காவது விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று அவள் எழுதியதைச் சூப்பர்வைசர் ஏற்கவில்லை. கோர்ட் காகிதத்தைக் கேட்டார். கொடுத்தாள். நின்றுகொண்டே படித்தார், ஒரு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காத. நாளைலேர்ந்து நீ கீழ, அழுக்குத்துணி பிரிக்கிற ரூமுக்குப் போயிடு."

"ஏன் சார்?"

"புத்தி விஷயமா கேஸ் நடக்கிற ஒரு ஆளை நூத்தி எழுபது டிகிரி மெஷின் முன்னால நிறுத்தி வச்சிருக்கேன்னு நாளைக்கு யாராவது கேட்டா, என் வேலை போயிடும். கேஸ் முடியட்டும். தீர்ப்பக் கொண்டா. மறுபடி உன் இடம் உனக்குத்தான்."

அழுக்குத்துணி அறைக்கு ஜன்னல் கிடையாது. வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் பட்டது ஒரு தொட்டி, மலம் பட்டது ஒரு தொட்டி, சாதாரண அழுக்கு ஒரு தொட்டி என்று பிரிக்க வேண்டும். இடுக்கி, ஊசி, சில சமயம் பல்செட் என எல்லாம் மூட்டைக்குள் வரும். ரப்பர் கையுறை முழங்கை வரை. இரண்டாவது நாள் மூட்டைக்குள் கிடந்த ஒரு ஊசி கையுறையைத் தாண்டிக் கட்டை விரலில் ஏறியது. ஆறு வாரம் ரத்தப் பரிசோதனை. அதற்கும் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது.

மேலே ரோலர் மெஷினின் இடது பக்கத்தில் புதிதாக வந்த ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். "அவ இழுக்கிறது எனக்குப் புரியல. இன்னைக்கு நாலு கோணல்" என்று கண்ணாடியக்கா சாப்பாட்டு நேரத்தில் வந்து முறையிட்டாள்.

மருத்துவக் குழுவில் மூன்று டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரின் வெள்ளைக் கோட்டுகளும் சலவைக் கூடத்தில் வெளுத்தவை. நடுவில் இருந்தவரின் காலரில் மடிப்புத் தவறியிருந்தது. சொல்லலாமா என்று நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்கிழமை. புதன்கிழமைதானே நீங்க உட்காருவீங்க."

"நூத்துலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க."

"தொண்ணூத்தி மூணு. எம்பத்தியாறு. எழுபத்தொம்பது." கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்க துணிய பத்து பத்தாதான் எண்ணுவோம் சார். ஏழு ஏழா யாரு கட்டு கட்டுவா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எதையோ எழுதினார். "எழுபத்திரண்டு" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "அறுபத்தஞ்சு. அம்பத்தெட்டு."

"சரியா தூங்குறீங்களா?"

"கேஸ் வந்ததுலேர்ந்து இல்ல."

அதையும் எழுதிக்கொண்டார்கள். அறிக்கையில் ஒரே வரிதான் முக்கியம் என்று வக்கீலம்மா சுட்டிக்காட்டினாள்: "தற்போது மனநோய்க்கான அறிகுறிகள் இல்லை."

"தற்போதுன்னா? நாளைக்கு வரும்னா?"

"அவங்க அப்படித்தான் எழுதுவாங்க. இது போதும்."

சமரசப் பேச்சு என்று ஒரு நாள் உட்காரவைத்தார்கள். நீல வர்ணம் பூசிய சின்ன அறை. கணவன் வரவில்லை, அவனுடைய வக்கீல் மட்டும் ஒரு கடிதம் கொடுத்தார். ஆலோசகர் அவளிடம் இருபது நிமிஷம் பேசினார். வீட்டில் சமைப்பீர்களா, கணவர் வந்தால் முகம் கொடுத்துப் பேசுவீர்களா, கோபம் அதிகம் வருமா என்று கேட்டார். வராத ஆளிடம் எப்படி முகம் கொடுத்துப் பேசுவது என்று அவள் கேட்டதற்கு, "இதுதாம்மா, இப்படிப் பேசினா எப்படி?" என்றார். சமரசம் தோல்வி என்று எழுதினார்.

குறுக்கு விசாரணைக்கு முன்னால் வக்கீலம்மா அவளைத் தாழ்வாரத்தில் ஓரமாக நிறுத்திச் சொன்னாள். "கோபப்படாதீங்க. அழாதீங்க. சிரிக்காதீங்க. குரல ஏத்தாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில்."

"பொணம் மாதிரி நிக்கணும்."

"அப்படி நின்னா, உணர்ச்சியே இல்லாத ஆளுன்னு சொல்லுவாங்க. நடுத்தரமா நில்லுங்க."

கணவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் அவனைப் பார்க்கிறாள். புதுச் சட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். மேலே சுற்றும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ பழுது கண்டுபிடிக்கிறவன் மாதிரி.

அவனுடைய வக்கீல் மென்மையானவர். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் "அம்மா" என்றார்.

"அம்மா, உங்க ரெண்டாவது குழந்தை இறந்துதான் பிறந்தது, இல்லையா?"

"ஆமாங்க."

"அந்தக் குழந்தைக்காக வாங்கி வச்சிருந்த சட்டைகளை, குழந்தை இல்லாதபோதும் வாராவாரம் துவைச்சு மடிச்சு வச்சீங்க. சரியா?"

அது வீட்டுக்குள் நடந்தது. அலமாரிக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது. அவள் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அவன் விசிறியைப் பார்த்தான்.

"ஆமாங்க. துவைக்காம வச்சா துணி மஞ்சளாயிடும்."

"இல்லாத குழந்தைக்கு எதுக்கம்மா துணி?"

"பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு மாசமா இருந்துச்சு. அதுக்குக் குடுத்தேன். மஞ்சளான துணிய ஒருத்தருக்குக் குடுக்க முடியாது. எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதாங்க."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

"சரிம்மா. உங்களுக்குக் கோபம் வருமா?"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வரும்."

"எப்பெல்லாம்?"

கூண்டின் கட்டையை அவள் இறுகப் பிடித்தாள். தொண்டை வரை வந்ததை அவள் விழுங்கினாள். அது விழுங்கப்படுவதை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்த மாதிரி கேக்கும்போது" என்றாள், தாழ்ந்த குரலில்.

"குறிச்சுக்கணும்" என்றார் வக்கீல் நீதிபதியைப் பார்த்து.

அடுத்த வாய்தாவில் மருத்துவக் குழுவின் அறிக்கையைப் படித்த நீதிபதி, இதை வைத்துக்கொண்டு மனு நிற்காது என்று பொருள்படும்படி ஏதோ சொன்னார். இரண்டு வக்கீல்களும் வெளியே போய்ப் பேசினார்கள். தாழ்வாரத்தின் மறுமுனையில் குடிநீர்க் குழாயடியில் கணவன் தனியாக நின்றிருந்தான். சுருட்டை நேராக அவனிடம் போனாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அவன் குழாயில் சங்கிலியால் கட்டியிருந்த டம்ளரைக் கழுவினான். கழுவியதையே மறுபடி கழுவினான்.

"உன்னப் பார்த்தா எனக்கு அந்தக் குழந்த ஞாபகந்தான் வருது" என்றான். "நீ வார்டுல கெடந்த. நான்தானே கைல தூக்கிட்டுப் போனேன். ஒரு டவல்ல சுத்தி. வீட்டுக்கு வந்தா அந்தக் கனம் கைலயே இருக்கு. அந்த ஊருக்குப் போனா வரல."

இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு முதலில் அவன்மேல் இரக்கம்தான் வந்தது. அது வந்ததே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அத எழுதியிருக்கலாமே."

"அதுக்கெல்லாம் விவாகரத்து குடுக்க மாட்டாங்களாம். அப்படி ஒரு காரணம் சட்டத்துல இல்லையாம். வக்கீல்தான், வேற ஏதாவது காகிதம் இருக்கான்னு கேட்டாரு."

"உடனே நீ எடுத்துக் குடுத்துட்ட."

"சம்மதத்துல போனா ஒரு வருஷம் காத்திருக்கணும்னாங்க. அப்ப அவளுக்கு மூணாம் மாசம்."

"இப்ப?"

"பொறந்துடுச்சு. பையன்."

அவள் வாய் அவளைக் கேட்காமலேயே கேட்டது: "நல்லா இருக்கானா?"

அவன் தலையாட்டினான்.

"ஒரு வருஷம் போகக் கூடாதுன்னு என்னைப் பைத்தியமாக்கின. இப்ப கேஸ் போட்டே பதினாலு மாசம் ஆச்சு. கணக்கும் தெரியல உனக்கு" என்றாள். டம்ளர் அவன் கையிலிருந்து சங்கிலியோடு விழுந்து சுவரில் இடித்தது. தூரத்திலிருந்து அவனுடைய வக்கீல் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு விலகி வந்தாள்.

வக்கீலம்மா வந்து விவரம் சொன்னாள். மனநோய் என்பதை அவர்கள் விட்டுவிடத் தயார். இதே மனுவைச் சம்மத மனுவாக மாற்றிக்கொள்ளலாம். மகள் தாயிடம் இருப்பாள். மறுப்புச் சொல்லிப் புதிதாகத் தொடங்கினால் இன்னும் இரண்டு வருஷம்.

"அந்த வார்த்தைய எடுத்துடுவாங்களா?"

"அத விட்டுட்டோம்னு எழுதுவாங்க."

அன்று சலவைக் கூடத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்று. கண்ணாடியக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அழுக்குத்துணி அறைக்கு வந்தாள். பக்கத்து அறையில் மூன்று பெரிய துவைக்கும் மெஷின்களும் பிழிசுற்றில் இருந்தன, சுவர் அதிர்ந்தது.

"திட்டுடி. இங்க யாருக்கும் கேக்காது. ஒரு வருஷமா வாயக் கட்டிட்டுத் திரியற."

சுருட்டை ரத்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தொடங்கினாள்.

"அவன் ஏறுற லிஃப்டெல்லாம் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கட்டும்!"

"நிக்கட்டும்! உள்ள விளக்கும் போகட்டும்!"

"அந்த வக்கீலு 'அம்மா அம்மா'ன்னு கூப்பிட்ட வாயில கொப்புளம் வரட்டும்! அந்தக் கோர்ட்டுல இருக்கிற ஒவ்வொருத்தனையும் கூண்டுல ஏத்தி, நூத்துலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லட்டும்! என் புள்ளைய அவன் தூக்கிட்டுப் போனான்னா, நான் சுமந்தேனே எட்டு மாசம், எனக்குக் கனம் இல்லையா? எனக்கு இல்லையாடா கனம்?"

கடைசி வரியைச் சொல்லும்போது மெஷின்கள் நின்றுவிட்டன. அவள் குரல் மட்டும் அறையில் தனியாக நின்றது. கதவருகே சூப்பர்வைசர், கையில் பட்டியலோடு, இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தீர்ப்பு அன்று எல்லாம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. சம்மதமா என்று நீதிபதி இருவரையும் கேட்டார். சம்மதம் என்றார்கள். பதினொரு வருஷக் கல்யாணத்துக்கு ஆறு நிமிஷம். அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது அழுகை வரவில்லை. பசித்தது.

நகல் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. ஒன்பது பக்கம். முதல் பக்கத்தைப் படித்தவள் நேராக வக்கீலம்மாவிடம் போனாள்.

"இது பழைய காகிதம். மாத்திக் குடுத்துட்டாங்க."

"இல்லம்மா. இதுதான் தீர்ப்பு."

"முதல் பக்கத்துல 'தீராத மனநோயால் பாதிக்கப்பட்டு'ன்னு அப்படியே இருக்கே?"

"அது மனுவுல என்ன சொன்னாங்கங்கறதுக்கு. எல்லாத் தீர்ப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கும். எட்டாவது பக்கம் பாருங்க." விரலை வைத்துக் காட்டினாள். "மேற்படி குற்றச்சாட்டு மனுதாரர் தரப்பில் வலியுறுத்தப்படவில்லை."

சுருட்டை அதை மெதுவாக இரண்டு தடவை படித்தாள்.

"பொய்னு எங்கயும் இல்லையே?"

"வலியுறுத்தலைன்னா அதுதான் அர்த்தம்."

"வலியுறுத்தலைன்னா, இருக்கு, ஆனா போனாப் போகுதுன்னு விட்டுட்டோம்னு அர்த்தம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் மேடம்."

வக்கீலம்மா நகலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "மாத்தணும்னா மேல்முறையீடு போகணும். அதுல முதல்ல இதையே முழுசா எழுதித்தான் ஆரம்பிக்கணும்" என்றாள். அவளுடைய மேசையில் கட்டுகள் கூடியிருந்தன. வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் நகலை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். எட்டாவது பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"நீ நல்லாத்தான் இருக்க, எனக்குத் தெரியும். ஆனா மேல இருக்கிறவங்க இதப் படிப்பாங்கல்ல? கேட்டுச் சொல்றேன்."

"தீர்ப்பக் கொண்டான்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"தெளிவா இருக்கும்னு நெனச்சேன்."

ஒரு மாதம் கழித்தும் அவர் கேட்டுச் சொல்லவில்லை. புதிய பெண்ணின் பெயரை மெஷின் பட்டியலில் மையால் எழுதிவிட்டார்கள். அதற்கு முன் பென்சிலால்தான் எழுதியிருந்தது.

வாடகை வீடு கணவன் பெயரில் இருந்தது. அவள் அதைக் காலி செய்து, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறைக்கு மாறினாள். மகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அவள் மகளோடு வரிசையில் நின்றாள். மகள் புதுச் சீருடையில், பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தாயும் மகனும். அந்தப் பையன் அதற்குள் மகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டான். அதே வகுப்புதான். அந்தத் தாயும் சுருட்டையைப் பார்த்துச் சிரித்து, "நீங்களும் பின்தெருவா? அப்ப சேர்ந்தே கூட்டிட்டு வரலாம்" என்றாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தருக்குக் காது மந்தம் போல. எல்லாவற்றையும் உரக்கப் பேசினார்.

"அப்பா கையெழுத்து எங்க?"

"விவாகரத்து ஆயிடுச்சுங்க. உத்தரவு இருக்கு."

நகலை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். "எதிர்மனுதாரர் கடந்த நான்கு ஆண்டுகளாகத் தீராத மனநோயால் பாதிக்கப்பட்டு..." அங்கே நின்று, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எதிர்மனுதாரர் யாரு, நீங்களா?"

அவளுக்குள் எல்லாம் கொதித்துக்கொண்டு மேலே வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "சார்!" என்று ஒரு சத்தம் வந்தேவிட்டது. வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். எழுத்தரின் கை காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எட்டாவது பக்கம் பாருங்க சார்" என்றாள், மெல்ல, ஒவ்வொரு சொல்லாக. "அதுல எழுதியிருக்கு."

அவர் பக்கங்களை ஒவ்வொன்றாக எச்சில் தொட்டுப் புரட்டினார். அவளுக்குப் பின்னால், அந்தத் தாய் தன் மகனின் தோளைப் பிடித்து, சத்தமில்லாமல், தன்னுடைய மறுபக்கத்துக்கு மாற்றி நிறுத்திக்கொண்டாள்.